ஒரு டன்னுக்கு எத்தனை சவரன்?

பம்மல், பல்லாவரம், திரிசூலம் மலைகளில் உடைத்த கருங்கல் ஜல்லியைக் கொண்டுதான் தென்சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குத் தளம் போட்டிருக்கிறார்கள். அந்த ஜல்லியில் தங்கம் இருக்கிறது. அனகாபுத்தூரில் ஒரு வீட்டின் மாடித் தளத்தை இடித்துப் பொடியாக்கினால் அதிலும் தங்கம் இருக்கும். பூமியின் மேலோட்டில் எந்தப் பாறையை எடுத்தாலும் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் சராசரியாக உண்டு. நான்கு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன், அதாவது எட்டு கிராம் தங்கம் சேர 2,000 டன் ஜல்லியை மாவாக அரைக்க வேண்டும். லாரிக்கு 20 டன் என்றால் நூறு லாரி. நூறு லாரி ஜல்லியை அப்படியே விற்றால் ஒரு சவரனின் விலையைப் போலப் பல மடங்கு கிடைத்துவிடும். ஆகவே பம்மல் மலையில் கல்குவாரி வைத்தவர்கள்தான் புத்திசாலிகள்.

தங்க வேட்டைகளின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். டன்னுக்கு எவ்வளவு, எந்த வடிவில், எவ்வளவு தூரம் தொடர்ந்து கிடைக்கிறது? ஒரு மனிதன் பணக்காரனாவதும், ஒரு கம்பெனி திவாலாவதும், ஒரு கூலியாளின் நுரையீரல் கல்லாவதும் இந்த மூன்று கேள்விகளின் விடையைப் பொறுத்தே நடந்திருக்கின்றன. ஆனால் வேட்டைக்குப் புறப்பட்ட யாரும் முதலில் இவற்றைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பல்லாவரத்துக் கருங்கல்லில் ஏன் தங்கம் சேரவில்லை? அதன் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லும் சென்னைப் பக்கத்துக் கல்லும் ஒரே இனம் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பெயரை வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பாறை இது. அந்தச் சூட்டில் பாறையிலிருந்த நீரெல்லாம் வெளியேறிவிட்டது. தங்கம் பூமிக்குள் நடமாடுவதற்கு நீர்தான் வாகனம். எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த பழைய பாறைகள் அதைவிடக் குறைந்த சூட்டில் வதங்கும்போது அவற்றின் கனிமங்களிலிருந்து நீரும் கந்தகமும் கசிகின்றன. கந்தகம் கலந்த அந்த வெந்நீரில் தங்கம் கரைந்துகொள்ளும். நீர் வெடிப்புகளின் வழியே மேலே ஏறும். ஏறும் வழியில் அழுத்தம் குறைந்தாலோ, இரும்புச்சத்துள்ள பாறையைத் தொட்டுக் கந்தகத்தை இழந்தாலோ தங்கத்தைக் கீழே போட்டுவிடும். கூடவே வெண்ணிறக் குவார்ட்ஸும் படியும். வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சள் ரேகை பிறப்பது இப்படித்தான். நம்முடைய சார்னோகைட் வறண்டுபோன பாறை. அதில் இப்படிச் சேர்ப்பதற்கு நீர் மிஞ்சவில்லை.

இந்த வட்டாரத்தில் கல்லைப் பார்த்து நடந்தவர்களில் ராபர்ட் புரூஸ் ஃபூட் முக்கியமானவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்துப் பட்டாளத் திடலுக்கு அருகே சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கோடரி அது. இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அந்தக் குழியில் தொடங்கியது. அதற்காகவே எல்லாரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிலவியல் ஆய்வுத் துறை. வேலை, பாறைகளைப் பகுத்து வரைபடமாக்குவது. கர்நாடகத் தங்க வயல்களான கோலாரும் ஹட்டியும் அமைந்திருக்கும் பழைய எரிமலைப் பாறை வரிசைகளுக்குத் தார்வார் என்று பெயரிட்டு, தென்னிந்தியாவின் தங்கம் அவற்றோடு பின்னிக் கிடக்கிறது என்று 1880-களில் எடுத்துக்காட்டியவரும் அவரே. பல்லாவரத்துக் கல்லில் இல்லாததை அவர் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மேற்கே கண்டார்.

தங்க வேட்டை என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது வட கனடாவின் குளோண்டைக். சாப்ளின் 1925-இல் எடுத்த ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் பனிமலையில் எறும்புச் சாரைபோல ஆட்கள் ஏறும் காட்சி அங்கே உண்மையில் நடந்தது. 1896 ஆகஸ்ட் மாதம் ஜார்ஜ் கார்மாக்கும், அவருடைய மனைவி கேட்டின் உறவினர்களான ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி என்ற டாகிஷ் பழங்குடியினரும் ஓர் ஓடையில் தங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல் சியாட்டில் வந்து சேர, சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள். ஓராண்டுக்கான உணவும் கருவிகளும் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் எல்லையில் திருப்பி அனுப்பியது. அந்த மூட்டை ஏறக்குறைய ஒரு டன் வரும். சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் அதை முதுகில் சுமந்து, பங்குபோட்டு, முப்பது நாற்பது முறை ஏறி இறங்க வேண்டும். பக்கத்து வெள்ளைக் கணவாயில் சுமார் 3,000 குதிரைகள் செத்தன. 1898 ஏப்ரல் 3 அன்று பனி சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். குளோண்டைக்கின் டாசன் நகரை எட்டியவர்கள் முப்பது நாற்பதாயிரம் பேர்தான். தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் நான்காயிரம் பேர் இருக்கலாம். செல்வந்தர்களாக ஊர் திரும்பியவர்கள் சில நூறு பேர். நல்ல ஓடைகளை எல்லாம் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் 1896-லேயே முளையடித்துப் பிடித்துவிட்டிருந்தார்கள். செய்தி சியாட்டிலுக்கு வந்த நாளிலேயே வேட்டை ஏறக்குறைய முடிந்திருந்தது.

இருந்தாலும் அங்கே ஒரு தனி மனிதன் மண்வெட்டியும் தட்டும் வைத்துக்கொண்டு பணக்காரனாக முடிந்தது. காரணம், தங்கத்தின் வடிவம். மலையிலிருந்த குவார்ட்ஸ் ரேகைகளை லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஆறும் உடைத்து, தங்கத்தைப் பிரித்து, ஓடைச் சரளையின் அடியில் சேர்த்து வைத்திருந்தன. பனியுகத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியைப் பனிப்பாளங்கள் சுரண்டி எடுத்தபோது, குளோண்டைக் பகுதி பனி மூடாமல் தப்பியதால் அந்தச் சேமிப்பு கலையவில்லை. தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல 19 மடங்கு; மணலின் அடர்த்தி நீரைப்போல இரண்டரை மடங்குதான். அரிசி களையும்போது பாத்திரத்தை ஆட்டி ஆட்டி நீரோடு அரிசியைச் சரித்துவிட்டால் கல் அடியில் தங்குகிறதே, அதே சூத்திரம். வேறுபாடு, இங்கே வேண்டியது அந்த அடிக்கல். ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண்ணைத் தோண்ட இரவெல்லாம் விறகு எரித்து நிலத்தை இளக்கினார்கள். காலையில் இளகியதை வெட்டி மேலே குவித்தார்கள். வசந்தத்தில் ஓடை நீர் ஓடத் தொடங்கியதும் அலசினார்கள். கடினமான வேலை. ஆனால் பாறையை உடைத்து அரைக்கும் பெரிய செலவை இயற்கை முன்கூட்டியே செய்து முடித்திருந்தது.

குளோண்டைக்குக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் ஒரு தங்க வேட்டை நடந்தது. இன்று நீலகிரி மாவட்டத்தில் உள்ள தேவாலா, பந்தலூர், கூடலூர் பக்கம். அன்று அது தென்கிழக்கு வயநாடு.

அந்த மலைகளில் குறும்பர்கள் பாறை ரேகையைத் தோண்டியதும், பணியர்கள் ஓடை மணலை அரித்ததும் பழைய வழக்கம். 1830-களில் சென்னை அரசு நிக்கல்சன் என்ற பட்டாள அதிகாரியை அனுப்பித் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. பிறகு காப்பித் தோட்டங்கள் வந்தன. தோட்டம் போட்டவர்களை முதலில் தண்டு துளைப்பான் பிடித்தது, அடுத்து இலைத்துரு நோய். 1870-களின் முடிவில் கடனில் மூழ்கியிருந்த தோட்டக்காரருக்குத் தன் நிலத்துக்கு அடியில் தங்க ரேகை ஓடுகிறது என்ற செய்தியைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்க முடியும்? 1875-இல் நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அந்தப் பகுதியைப் பார்த்து ஒரு நிதானமான குறிப்பு எழுதினார். நிதானமான குறிப்புகளை லண்டன் பங்குச் சந்தை படிப்பதில்லை.

அரசு ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பிரோ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலராக இருந்தவர். அங்கத்திய தங்க வயல்களைப் பற்றி 1869-இல் பெரிய நூல் எழுதியவர். கீழே வேலை செய்தவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற விசாரணைக்குப் பிறகு 1876-இல் பதவி விலகியவர். 1880-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை ரேகைகள் ஏராளம், நம்பிக்கைக்கு இடமுண்டு என்ற தொனியில் இருந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் லண்டனில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் மூலதனம் காகிதத்தில் ஐம்பது லட்சம் பவுண்டைத் தொட்டது. நொடித்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலங்களாகக் கை மாறின. இங்கே மூட்டை சுமந்து பனி ஏறியவர் எவருமில்லை. வேட்டைக்காரர்கள் லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்து பங்குப் பத்திரம் வாங்கியவர்கள்.

மலைக்கு வந்தவர்களுக்கு மலேரியா காத்திருந்தது. மழைக்கு முந்தைய மாதங்களில் வயநாட்டில் இருக்கக் கூலிகளே அஞ்சுவார்கள். காய்ச்சலுக்குக் காரணம் காட்டின் கெட்ட காற்று என்றே எல்லாரும் நம்பினார்கள். ஸ்மித்தின் அறிக்கை வந்த அதே 1880-இல்தான் அல்ஜீரியாவில் லாவெரான் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். கொசுதான் தூதன் என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் காட்ட இன்னும் பதினேழு ஆண்டு இருந்தது. சுரங்க முகாம்களில் தோண்டிய குழிகளில் மழைநீர் தேங்கியது. தோண்டத் தோண்டக் கொசுவும் பெருகியிருக்கும்.

ஆனால் கம்பெனிகளைக் கொன்றது காய்ச்சல் இல்லை, வேதியியல். தங்க ரேகையில் தங்கத்தின் ஒரு பகுதி பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்துக்குள் அடைபட்டிருக்கும். மழை மிகுந்த வெப்ப நாட்டில், தரைக்கு அருகே, காற்றும் நீரும் புகுந்து பைரைட்டைத் துருவாக்கிவிடும். அடைபட்ட தங்கம் விடுதலையாகும். சுற்றியிருந்த கனிமங்கள் கரைந்து போவதால் மிச்சமிருக்கும் கல்லில் தங்கத்தின் விகிதமும் கூடித் தெரியும். மேலே கிடக்கும் துருப்பிடித்த குவார்ட்ஸை உடைத்துச் சோதித்தால் பிரமாதமான எண் வரும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பைரைட் புதிதாகப் பளபளவென்று இருக்கும். தங்கம் அதற்குள் சிறைப்பட்டிருக்கும். அன்றைய முறை, கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓட விடுவது. பாதரசம் வெளிப்பட்ட தங்கத்தை மட்டுமே பிடிக்கும். சிறையிலிருப்பது வாய்க்காலோடு போய்விடும். சயனைடு கொண்டு தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறையை மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தது 1887-இல். அதற்குள் வயநாட்டுக் கதை முடிந்துவிட்டது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு வினை இருக்கிறது. தங்கம் ரேகையில் சீராகப் பரவியிருக்காது; அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டு. கையளவு கல்லில் ஒரு பொட்டு விழுந்துவிட்டால் டன்னுக்கு நூறு கிராம் என்று கணக்கு வரும்; பக்கத்துக் கல்லில் ஒன்றுமே இருக்காது. ஆய்வாளரின் கை தன்னையறியாமல் பளிச்சென்ற கல்லின் பக்கமே போகும். ரேகையைக் குறிப்பிட்ட இடைவெளியில், அழகு பார்க்காமல், வெட்டி வெட்டி எடுத்தால்தான் உண்மைச் சராசரி தெரியும். அதற்கு மாதங்கள் ஆகும். பங்கு விற்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ரேகை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதற்கு முன்பே இடிக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலாளர்களுக்கு பங்களா கட்டினார்கள். எந்திரம் ஓடியபோது டன்னுக்குச் சில கிராம்தான் தேறியது. சில சமயம் அதுவும் இல்லை. ஓரிரண்டு ஆண்டுகளில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

பழைய குழிகள் ஏராளமாக இருந்ததை ஸ்மித் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தார். முன்னோர் அவ்வளவு தோண்டியிருந்தால் கீழே எவ்வளவு இருக்கும் என்ற ஊகம். அந்த முன்னோர் எளிதில் கிடைத்த துருக்கல்லை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, லாபமில்லாத இடத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்றும் அதே குழிகளைப் படித்திருக்கலாம்.

இந்த ஊகம் எப்போதும் பொய்க்கும் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டுகளில், அதே லண்டன் பணத்தில், அதே பழைய குழிகளைச் சகுனமாக நம்பிய இன்னொரு வேட்டை கோலாரில் நடந்தது.

கோலார்த் தங்கத்தை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஜான் வாரன். 1802-இல் மைசூர் எல்லையை அளக்கப் போனவர், தங்கம் பற்றிய வதந்தி கேட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் மண்ணை வண்டியில் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவித் தங்கத் துகள்களைக் காட்டினார்கள். இதே வாரன் பிறகு நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். தமிழரின் பஞ்சாங்கக் கணக்கை ஆராய்ந்து நூலும் எழுதினார். அவருடைய கோலார்க் குறிப்பு எழுபது ஆண்டுகள் தூங்கியது. அதைப் படித்துவிட்டு 1871-இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பியவர் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்த பழைய சிப்பாய். அனுமதி வாங்கினார், தோண்டினார், கைப்பணம் கரைந்தது, உரிமையை மற்றவர்களிடம் விற்றார். தேடிக் கண்டவர் ஒருவர், பலன் கொண்டவர் வேறொருவர்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. மூன்று நான்கு ஆண்டுகள் அங்கேயும் வயநாட்டுக் கதைதான். அவர்கள் நடத்திய மைசூர்க் கம்பெனியின் பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பங்குதாரர்கள் மூடிவிடலாம் என்றார்கள். மிச்சப் பணத்தில் கம்பெனியின் சுரங்க அதிகாரி கேப்டன் பிளம்மர் பழைய குழிகளின் அடியில் இறங்கிப் பார்த்தார். நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கி, நீர் ஊற்றிப் பிளந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு யாரோ இறங்கியிருந்த குழிகள் அவை. அங்கே முன்னோர் நின்றதற்குக் காரணம் தங்கம் தீர்ந்ததல்ல. நீரை இறைக்க வழியில்லை. அதற்குக் கீழே சாம்பியன் ரீஃப் என்ற தங்க ரேகை பல கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடும்வரை கோலார் கொடுத்தது சுமார் 800 டன் தங்கம். அரைத்த பாறை ஏறத்தாழ 5 கோடி டன். சராசரி, டன்னுக்கு இரண்டு சவரன். குளோண்டைக் இதுவரை கொடுத்த மொத்தத் தங்கம் 600 டன்னைச் சுற்றித்தான் வரும்.

வயநாட்டிலும் கோலாரிலும் தங்கம் உண்டு. கோலாரில் ஃபூட் வரைந்த தார்வார்ப் பாறையின் எண்பது கிலோமீட்டர்ப் பட்டை இருக்கிறது. தங்கநீர் ஓடிய வெடிப்பு அதில் தொடர்ந்து பிளந்து தொடர்ந்து நிரம்பியது. வயநாட்டில் அதிகச் சூட்டில் வெந்த பாறைகளுக்கிடையே மெல்லிய ரேகைகள், நூல் அறுவதுபோல அறுந்து அறுந்து ஓடுகின்றன. பங்குப் பத்திரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

கோலார்த் தங்கத்தைத் தட்டில் அரிக்க முடியாது. பாறையைப் பெரும் ஆழத்திலிருந்து மேலேற்ற வேண்டும்; 1902-இல் அதற்காகவே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுத்தார்கள். அதனால் அங்கே தனி வேட்டைக்காரனுக்கு இடமே இல்லை. கம்பெனி, கூலியாள் என்ற இரண்டு பாத்திரங்கள்தான். கூலியாட்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் தலித் மக்கள். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்த, தங்கவயலின் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலேயுள்ள எடை தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். பூகம்பம்போல ஊரே குலுங்கும், பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இதற்குத் தப்பியவர்களைக் குவார்ட்ஸ் தூசு மெல்லக் கொன்றது. துளையிடும்போது பறக்கும் மிக நுண்ணிய தூசு நுரையீரலின் ஆழத்தில் படிகிறது. அதை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்கள் தாமே சாகின்றன. சாகும் இடமெல்லாம் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரிவதில்லை. சிலிகோசிஸுக்கு இழப்பீடு என்ற விதியே 1940-இல்தான் வந்தது. 1930-இல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தது வேறொரு காரணத்துக்காக: திருடர்களைப் போலத் தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டதற்கு எதிராக. அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

கோலாரில் இப்போது பதின்மூன்று சயனைடு மேடுகள் நிற்கின்றன. அரைத்து, தங்கம் எடுத்த பின் கொட்டிய மாவு, காற்றடித்தால் ஊருக்குள் பறக்கிறது. அந்த மாவில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக இன்னும் தங்கம் இருக்கிறது. இன்றைய விலையில், ஏற்கெனவே அரைத்த கல் என்பதால், மறுபடி கரைத்தெடுப்பது கட்டுப்படியாகும். 2024-இல் கர்நாடக அமைச்சரவை அதற்கு இசைவு தந்தது.

தேவாலாவிலும் கணக்கு மாறிவிட்டது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத ரேகை, எந்திரமும் பங்களாவும் இல்லாத நான்கு பேருக்குக் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கிராம் தேறினாலும் தோட்டக் கூலியைவிட அதிகம். விக்டோரியா ராணி காலத்துக் குழிகளுக்குள் இரவில் மெழுகுவத்தியோடு இறங்கி, வெள்ளைக் கல்லைப் பெயர்த்து, இடித்து, பாதரசத்தில் பிடித்து, அதை அடுப்பில் ஆவியாக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அந்த ஆவி நரம்புகளைத் தாக்கும். அது சட்டத்துக்கும் புறம்பான தொழில். மண் சரிந்து சிலர் இறந்திருக்கிறார்கள். வனத்துறையினர் குழியை மூடுகிறார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் வேறொரு குழியின் வாய் திறந்திருக்கும்.